மகளுக்குக் காந்திமதி என்று பெயர் வைத்தோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகளுக்கு இப்போது 14 மாதம் ஆகிறது. அவள் பெயர் காந்திமதி. என் கணவருடைய ஆச்சிக்கு, அதாவது அவருடைய அப்பாவைப் பெற்றவருக்கு, இருந்த பெயரையே அவளுக்கும் வைத்தோம். நான் சேலத்துக்காரி, அவர் திருநெல்வேலிக்காரர், குடியிருப்பது சென்னையில். ஆகவே மூன்று ஊர்ச் சொந்தங்களும் பழக்கமானவர்களும் தொலைபேசியிலும் நேரிலும் இந்தப் பெயரைப் பற்றி அதே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். குழந்தைக்குப் பழைய பெயர் வைக்க நினைத்துத் தயங்கிக்கொண்டிருந்த தோழிகள் இருவரும் ஏறத்தாழ அவற்றையே கேட்டபோதுதான், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கொடுத்திருக்கிறேன்.

"அப்படி ஒரு பேரா? அதுக்கு அர்த்தம் என்ன?"

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில் வீற்றிருக்கும் அம்பாளின் பெயர் காந்திமதி. அங்கே சுவாமி கோயிலும் அம்மன் கோயிலும் தனித்தனிக் கோயில்கள் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பெரியவை. இரண்டையும் நீண்ட சங்கிலி மண்டபம் இணைக்கிறது. ஐப்பசி மாதத்தில் காந்திமதிக்குத் திருக்கல்யாணம் நடக்கும். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதே அல்ல. வெளியூர்க்காரர்கள்தான் புருவத்தை உயர்த்துகிறார்கள்.

வடமொழியில் காந்தி என்றால் ஒளி, பொலிவு, அழகு. பின்னால் வரும் 'மதி' என்பதை நிலா என்றும் அறிவு என்றும் பலர் விளக்குகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் பெயரில் அது 'உடையவள்' என்பதைக் காட்டும் பெண்பால் விகுதி. ஒளி உடையவள் என்பதே பொருள். பானுமதி, கோமதி, வசுமதி என்பவையும் இதே அச்சில் வார்த்த பெயர்கள்தாம்: கதிர் உடையவள், பசுக்களை உடையவள், செல்வம் உடையவள்.

"காந்தி தாத்தா ஞாபகமா வெச்சதா?"

இல்லை. அண்ணல் காந்தியின் குடும்பப் பெயர் குஜராத்தியில் நறுமணப் பொருளும் மளிகையும் விற்பவர்களைக் குறிக்கும் சொல். 'கந்தம்' என்ற மணத்தோடு தொடர்புடையது. நம் அம்பாளின் 'காந்தி'யோ ஒளி. வடமொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத்தே வேறுபட்டுவிடும்; தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் இந்தக் குழப்பம் தமிழர்களுக்கு மட்டுமே உரியது.

பெயரின் பழமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரின் தாயார் பெயர் காந்திமதி. இராமானுசர் பிறந்த ஆண்டாக மரபு சொல்வது 1017. ஆகவே சைவத் தலத்துப் பெயர் என்று நினைக்கும் இது, வைணவ மரபிலும் ஆயிரம் ஆண்டுகளாக இருந்துவருகிறது.

"பாட்டி பேரு மாதிரி இருக்கே, குழந்தைக்கு எப்படிம்மா பொருந்தும்?"

பாட்டி பெயர் மாதிரி இல்லை, பாட்டியின் பெயரேதான். ஆனால் கேட்பவர்கள் சொல்ல வருவது எனக்குப் புரிகிறது. அவர்கள் சந்தித்த காந்திமதிகள் எல்லாரும் நரைத்த தலையோடு, மூக்கில் வைரமோ வெறும் துவாரமோ தெரிய, திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்தக் காந்திமதிகளுக்கும் ஒரு காலத்தில் ஏழு வயது இருந்திருக்கிறது, பாண்டி ஆடியிருக்கிறார்கள், அப்போது அது குழந்தையின் பெயராகத்தான் ஒலித்திருக்கும். முப்பது நாற்பது ஆண்டுகளாகப் புதிதாக அதிகம் பேர் வைக்காததால் பெயரோடு வயதும் ஒட்டிக்கொண்டது. இன்று வகுப்புக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கும் பெயர்களுக்கும் 2080-இல் இதே கதிதான். அப்போது அவையே பாட்டிப் பெயர்கள்.

இதைச் சொல்வது எளிது; நடைமுறையில் வேடிக்கைகள் உண்டு. தடுப்பூசிக்குப் போன இடத்தில் செவிலியர் 'காந்திமதி' என்று குரல் கொடுத்ததும், பெஞ்சில் இருந்தவர்கள் அனைவரும் என் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் மடியில் கிடந்தவளைத் தூக்கிக் காட்டினார். சிரிப்பு அடங்கும் வரை செவிலியர் ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தவணைக்குப் போனபோது அதே செவிலியர் எங்கள் அட்டையைப் பார்க்காமலே பெயரைச் சொன்னார். அதே வாரத்தில் வந்திருந்த வேறு மூன்று குழந்தைகளின் பெயர்களோ ஒன்றையொன்று ஒத்திருந்ததால் அட்டைகளைப் புரட்டிப் புரட்டித்தான் தேட வேண்டியிருந்தது.

ஆச்சி வழியாக வந்த எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று வீட்டில் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே, பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர் உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய 'காந்திமதி' அதில் இருக்கிறது. 'ந்' எழுத்தின் மேற்புள்ளி மட்டும் வாளியின் வளைவில் சற்று நழுவி 'தி'யின் பக்கம் போய்விட்டது. குழந்தைக்குக் கஞ்சி எடுத்துப் போக இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறோம். புதிதாகப் பெயர் வெட்டும் செலவு மிச்சம் என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"ரொம்ப நீளமா இருக்கே, எப்படிக் கூப்பிடுவீங்க?"

கா, ந், தி, ம, தி: மொத்தம் ஐந்து எழுத்து. கிருத்திகாவுக்கும் ஐந்து எழுத்துதான்; அதை யாரும் நீளம் என்று சொல்லிக் கேட்டதில்லை. பிரியதர்ஷினிக்கு ஏழு. ஆக, நீளம் என்று சொல்பவர்களுக்கு உறுத்துவது பழக்கமின்மை. கூப்பிட 'மதி' போதும் என்று சிலர் இப்போதே முடிவு செய்துவிட்டார்கள். முதல் பதிலில் அதை விகுதி என்று சொன்னேனே தவிர, கூப்பிடுவதற்கு அது ஒரு தடையல்ல.

"ஸ்கூல்ல கேலி பண்ணமாட்டாங்களா?"

பண்ணுவார்கள். எந்தப் பெயரை வைத்தாலும் பண்ணுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எதுகை தேடுவதில் இருக்கும் திறமை புலவர்களுக்கே இருக்காது. அதனால் கேலியே வராது என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வரக்கூடிய கேலி எது என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

முதலாவது, யானை. நெல்லையப்பர் கோயில் யானையின் பெயரும் காந்திமதிதான். 2025 ஜனவரியில் அது இறந்தபோது ஊரே திரண்டு வந்து அழுதது. 'யானைப் பேரா?' என்று எங்களை உண்மையாகவே கேட்டவர்கள் உண்டு. ஆமாம், அம்பாள் பெயரை யானைக்கும் வைத்தார்கள், எங்கள் ஆச்சிக்கும் வைத்தார்கள். இரண்டாவது, நடிகை. 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்தில் மயிலின் அம்மாவாக வந்த காந்திமதியை நினைத்துச் சிலர் சிரிக்கிறார்கள். வாயாடிப் பாத்திரங்கள் பலவற்றில் அவர் வெளுத்து வாங்கியதால் வந்த சிரிப்பு அது. இன்றைய பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே வாய்ப்புக் குறைவு. இந்தக் கேலி நம் தலைமுறையோடு முடிந்துவிடும்.

பெயரை வைத்துக் கேலி செய்வதில் எட்டயபுரத்துக் கதை ஒன்று எல்லாருக்கும் தெரியும். வயதில் மூத்த காந்திமதிநாதன் என்பவர் 'பாரதி சின்னப்பயல்' என்று ஈற்றடி கொடுத்து இளம் பாரதியைப் பாடச் சொன்னாராம். பாரதி அதையே 'காந்திமதி நாதனைப் பார் அதி சின்னப் பயல்' என்று பிரித்து முடித்துக் கொடுத்தாராம். மகளுக்குப் பேச்சு வந்ததும் சொல்லித்தரப்போகும் முதல் கதை இதுதான். பெயர் வந்திருப்பது தோற்றவர் பக்கத்தில் என்றாலும் பரவாயில்லை.

"இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க? கே-வா, ஜி-யா?"

இந்தப் பெயர் வைக்கிறவர்கள் உண்மையாகவே உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இது ஒன்றுதான். முதல் எழுத்தைக் கே என்றும் ஜி என்றும், நடுவில் வரும் 'தி'க்கு th என்றும் dh என்றும் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். ஜி எழுதினால் தேசப்பிதாவின் பெயர் என்று எண்ணி வடக்கே உள்ளவர்கள் வல்லோசையை மாற்றிவிடுவார்கள்; மேலே சொன்ன குழப்பத்துக்கு நாமே கதவு திறந்துவிட்டதாக ஆகும். நாங்கள் கே-யில் தொடங்கிப் பதினோரு எழுத்தில் நிறுத்திக்கொண்டோம்.

முடிவு செய்ததைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்த இடத்தில், நான் வாயால் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தட்டச்சு செய்தவர் தமக்குத் தெரிந்த ஜி-யைப் போட்டுவிட்டார். சரிபார்ப்புத் தாளைப் படித்ததால் தப்பித்தோம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணமாகப் பிறப்புச் சான்றிதழே கொள்ளப்படுகிறது. அதில் ஒரு எழுத்து தவறினாலும் பின்னால் ஒவ்வொரு இடமாகத் திருத்திக்கொண்டு அலைய நேரிடும்.

"பேரு முடிவாகலைன்னா பதிவு தள்ளிப்போகுமே?"

போகாது. பிறப்பை 21 நாட்களுக்குள் பெயர் இல்லாமலே பதிந்துவிடலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க முடியும். ஆகவே மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட வேண்டியதில்லை. நாங்கள் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டோம்.

"நட்சத்திர எழுத்து பாத்தீங்களா? நியூமராலஜி?"

'கா' மிருகசீரிடம் மூன்றாம் பாதத்துக்கு உரிய எழுத்து. எங்கள் மகள் அந்த நட்சத்திரம் இல்லை. ஆச்சியின் பெயருக்கு முன் எழுத்தைப் பார்ப்பதில்லை என்று என் மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எழுத்துப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் தொட்டிலில் காதில் சொல்லும் பெயரை அந்த எழுத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது.

எண்கணிதக்காரர்கள் போடும் கணக்கில் கே-யில் தொடங்கினால் கூட்டுத்தொகை 33. ஜி-யில் தொடங்கினால் 34. ஒளி உடையவளின் தலையெழுத்து ஒரு ஆங்கில எழுத்தில் மாறுகிறது என்பதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. நம்புகிறவர்களோடு நான் வாதிடுவதும் இல்லை.

"இது தமிழ்ப் பேரே இல்லையே? தமிழ்ல வெச்சிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. முதல் பதிலில் சொன்னபடி இது வடசொல்தான். தமிழ் என்று சாதிக்க மாட்டேன். கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லாமல் தமிழ் நாவில் வழுக்கிக்கொண்டு போவதாலும், நெல்லைச் சீமையில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியதாலும், குழந்தைப் பருவத்திலேயே பாடப்பட்டதாலும் அது நம் பெயராகிவிட்டது என்பது என் எண்ணம். 'பாடப்பட்டது' என்று சொல்வது காந்திமதியம்மை பிள்ளைத்தமிழை: செங்கீரை ஆடவும், சப்பாணி கொட்டவும், முத்தம் தரவும், நிலாவைக் கூப்பிடவும் அம்பாளைக் கைக்குழந்தையாக்கி அழைக்கும் சிற்றிலக்கியம். பாட்டிப் பெயர் என்று சொல்பவர்களுக்கும் இதைச் சொல்லலாம்.

தூய தமிழ்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதே சன்னிதியில் வழி இருக்கிறது. காந்திமதிக்கு வடிவுடையம்மை என்றும் பெயர். அதைச் சுருக்கி 'வடிவு' என்று பெயரிடும் வழக்கம் அந்தப் பக்கம் உண்டு. ஈழத் தமிழில் வடிவு என்றால் அழகு என்பதும் கூடுதல் சிறப்பு. சொல்லப்போனால் என் வாக்கு முதலில் வடிவுக்கே விழுந்தது.

"மாமியார் பேரை மருமக வாயால சொல்லக் கூடாதே, உங்க அத்தை என்ன பண்றாங்க?"

இது ஊரிலிருந்து வந்த கேள்வி; சென்னையில் ஒருவரும் கேட்கவில்லை. என் அத்தைக்கு ஆச்சி மாமியார். நாற்பது ஆண்டுகள் உச்சரிக்காத பெயரைத் திடீரென்று பேத்தியைப் பார்த்து 'ஏட்டி, காந்திமதி' என்று அவரால் கூப்பிட முடியவில்லை. பெயர் வைக்கும் முன் அவரைத்தான் முதலில் கேட்டோம். வைக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னவரும் அவரே. 'நான் சொல்லாட்டி என்ன, ஊரு சொல்லட்டும்' என்றார்.

ஆகையால் அவருக்கு மட்டும் குழந்தை 'வடிவு'. மேலே சொன்ன தடுப்பூசி நாளில், பக்கத்தில் இருந்த பெண் 'குழந்தை பேரு என்னம்மா?' என்று கேட்டபோது, அவர் பதில் சொல்லாமல் அட்டையை நீட்டி எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அந்தப் பெண் அத்தைக்குப் பேச வராது என்று நினைத்துக்கொண்டார். தென்மாவட்டங்களில் மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர் போவதும், அதைச் சொல்ல முடியாத மருமகள்கள் வேறொரு செல்லப் பெயரால் அழைப்பதும் பழைய ஏற்பாடுதான். பெயரைத் தாங்குபவன் பெயரன், தாங்குபவள் பெயர்த்தி. பேரன், பேத்தி என்று நாம் சொல்வது அவற்றின் திரிபே.

"பேரைக் கேட்டதும் ஊரு, சாதி எல்லாம் தெரிஞ்சிடாதா?"

ஊர் தெரியும், 'திருநெல்வேலியா?' என்று முகம் மலர்ந்து கேட்கிறார்கள். சாதி தெரியாது. இராமானுசரின் தாய், நடிகை, எங்கள் ஆச்சி என்று இந்தப் பக்கத்திலேயே வந்த மூன்று பேரை வைத்து எந்தச் சாதி என்று சொல்லிப் பாருங்கள்.

"பழைய பேருன்னா எதை வேணா வைக்கலாமா? எங்க பாட்டி பேரு போதும்பொண்ணு."

இந்தப் பதிலை யோசித்தே எழுதுகிறேன். எல்லாப் பழைய பெயரும் ஒன்றல்ல. பெண் குழந்தைகள் தொடர்ந்து பிறந்த வீடுகளில் அடுத்தது ஆணாக இருக்க வேண்டும் என்று 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சுமந்தவர் உங்களுக்கு எவ்வளவு அருமையானவராக இருந்தாலும், பெயர் அவரைப் பற்றியது அல்ல. அவர் பிறந்தபோது வீட்டில் விழுந்த பெருமூச்சைப் பற்றியது. அதை இன்னொரு பெண் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பிச்சையம்மாள், குப்பம்மாள் போன்றவை வேறு வகை. முந்தைய குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், இதையாவது எமன் மதிக்காமல் விட்டுவிடட்டும் என்று குப்பையில் புரட்டியும், பிறரிடம் பிச்சையாக வாங்கியும் இட்ட பெயர்கள். அவற்றுக்குள் இருப்பது வெறுப்பு அல்ல, அச்சமும் ஆசையும். ஆனால் அந்தக் கதையைப் பள்ளிக்கூட வாசலில் ஒவ்வொருவருக்கும் உங்கள் மகள் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பாட்டியை நினைக்க வேண்டுமானால் அவர் பிறந்த ஊர்ச் சாமியின் பெயரை எடுக்கலாம். நெல்லைப் பக்கத்தில் மட்டும் சங்கரன்கோயிலின் கோமதி, குற்றாலத்தின் குழல்வாய்மொழி, தென்காசியின் உலகம்மை என்று வரிசையாக இருக்கின்றன. குழல்வாய்மொழியை யாராவது துணிந்து வைத்தால் எனக்கு மகிழ்ச்சி.

"வளர்ந்து அவளே பிடிக்கலைன்னு மாத்திக்கிட்டா?"

மாற்றிக்கொள்ளட்டும். பதினெட்டு வயது நிரம்பியவர் உரிய படிவங்களோடு விண்ணப்பித்துத் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டுக்கொள்ள முடியும். கட்டணத்தைத் தாமே கட்டிவிடுவதாக அவளுடைய அப்பா இப்போதே சொல்கிறார். என் அம்மாவுக்கு மட்டும் இந்தப் பதில் பிடிக்கவில்லை. அவ்வளவு யோசித்து வைத்துவிட்டு இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுப்பதா என்கிறார். ஆனால் ஒருவருக்குப் பெயர் கொடுப்பவர்களுக்கு அதன் மேல் இருக்கும் உரிமை, அவர் தம் பெயரைத் தாமே சொல்லத் தொடங்கும் வரைதான் என்று நினைக்கிறேன். எங்கள் மகள் இன்னும் தொடங்கவில்லை. 'மதி' என்பது அவள் வாயில் 'மதீ' என்று நீளும், அதுவும் கஞ்சி வரும் நேரத்தில், தூக்குவாளியைப் பார்த்துத்தான். அதை அவள் தன் பெயர் என்று நினைக்கிறாளா, வாளியின் பெயர் என்று நினைக்கிறாளா என்பது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.